சாத்துக்குடித் தோலிலிருந்து கிரைப் வாட்டர் வரை

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தை ஒட்டி நான் வழக்கமாகச் சாத்துக்குடிச் சாறு குடிக்கும் கடை ஒன்று இருக்கிறது. மத்தியானத்துக்குள் அங்கே பிழிந்த தோல் ஒரு சாக்கு நிறைந்துவிடும். போன கோடையில் ஒரு நாள் கடைக்காரர் கூடையிலிருந்து ஒரு பழத்தை இரண்டு விரலால் தூக்கித் தனியே வைத்தார். அதன் ஒரு பக்கம் பூத்திருந்தது: வெளியே வெள்ளை வளையம், நடுவே பாசிப் பச்சையில் மெல்லிய தூள்.

"இந்த ஒன்றை விட்டால் கூடை முழுக்கப் போய்விடும் சார்" என்றார். அந்தப் பழத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்குக் காசும் கொடுக்கப் போனபோது மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அந்தப் பச்சைப் பூசணத்தின் பெயர் பெனிசிலியம் டிஜிட்டேட்டம். பெனிசிலின் மருந்தைத் தந்த பூஞ்சைக்குப் பங்காளி முறை. ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை வியாபாரிகளுக்கு உலகம் முழுவதும் இது எமன். ஆனால் வாசனைப் பொருள்களைப் பற்றி ஆராய்பவர்கள் இதை வேறு கண்ணோடு பார்க்கிறார்கள். பழத்தோலில் இருக்கும் மலிவான ஒரு பொருளை எடுத்து, அதைவிட விலை கூடிய வாசனைப் பொருளாக மாற்றும் வித்தை இதற்குத் தெரியும். அதைப் புரிந்துகொள்ளத் தோலிலிருந்தே தொடங்க வேண்டும்.

சின்ன வயதில் ஆரஞ்சுத் தோலை மடித்துத் தம்பியின் கண்ணுக்கு நேராகப் பிதுக்காதவர்கள் குறைவு. தோலின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தெரிபவை எண்ணெய்ப் பைகள். பிதுக்கினால் அவை உடைந்து எண்ணெய் சாரலாகத் தெறிக்கிறது. மெழுகுவத்திச் சுடரின் பக்கம் பிதுக்கிப் பாருங்கள், படபடவென்று பொறி பறக்கும். தெர்மோகோல் துண்டின் மேல் பிதுக்கினால் எண்ணெய் பட்ட இடம் கரைந்து குழிந்துபோகும். எரியும், பிளாஸ்டிக்கைக் கரைக்கும், தண்ணீரில் மட்டும் ஏறக்குறைய கரையவே கரையாது. ஆரஞ்சு எண்ணெயில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் இருக்கும் லிமோனீன் என்ற ஒரே பொருளின் குணம் இது. எலுமிச்சைத் தோல் எண்ணெயிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதுதான்.

லிமோனீன், டெர்ப்பீன் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. செடிகள் 5 கார்பன் அணுக்கள் கொண்ட செங்கல் ஒன்றை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பத்தையே கட்டுகின்றன. இரண்டு செங்கல் சேர்ந்தால் 10 கார்பன்: லிமோனீன், கற்பூரம், எலுமிச்சம்புல்லின் சிட்ரால் எல்லாம் இந்த அளவு. மூன்று சேர்ந்தால் 15 கார்பன்: சந்தன எண்ணெயின் மணம் அந்த வகை. பைன் மரப் பிசினிலிருந்து வடிக்கும் டர்பன்டைன் என்ற எண்ணெயின் பெயரிலிருந்துதான் டெர்ப்பீன் என்ற சொல்லே வந்தது. பாதிரிப் பூவைப் புதுப்பானைத் தண்ணீரில் போட்டு மணக்கச் செய்வது தமிழ் நாட்டுப் பழைய வழக்கம். அந்தப் பாதிரியைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில் உட்கார்ந்து டர்பன்டைனிலிருந்து வாசனைக் கதையைத் தொடங்குவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை.

லிமோனீன் ஏன் மலிவு? பிரேசிலிலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் ஆரஞ்சுச் சாறு ஆலைகள் சாறெடுத்த பின் தோலையும் பிழிகின்றன. சாற்றுக்காக வளர்த்த பழம், எண்ணெய் கொசுறு. இன்னொரு காரணமும் உண்டு. குளிர்பானத்துக்கு ஆரஞ்சு வாசனை சேர்ப்பவர்களே எண்ணெயிலிருந்து லிமோனீனை வடித்துத் தள்ளிவிடுகிறார்கள். தண்ணீரில் கரையாமல் மிதக்கும், காற்றுப் பட்டால் கெட்டு வாடை மாறும் என்பதால். எண்ணெயின் பெரும்பகுதி லிமோனீன்தான் என்றாலும் வாசனைக்கு முகம் கொடுப்பது மிச்சமுள்ள சில பங்குதான். எலுமிச்சையை எலுமிச்சை என்று நம் மூக்குக்குச் சொல்லும் சிட்ரால், அதன் தோல் எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் இருக்கும்.

அந்தச் சில பங்கில் பெரும்பாலானவற்றில் ஆக்சிஜன் இருக்கிறது. லிமோனீனில் 10 கார்பனும் 16 ஹைட்ரஜனும் மட்டுமே. அதில் ஓர் ஆக்சிஜனைச் சேர்த்தால் பொருளின் குணமே மாறுகிறது. எங்கே சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து மணமும் மாறும். ஓரிடத்தில் சேர்த்தால் கார்வியால், அதை இன்னொரு படி நகர்த்தினால் கார்வோன். வேறோர் இடத்தில் சேர்த்தால் பெரில்லைல் ஆல்கஹால். இரண்டு கார்பன்கள் இரு கையாலும் கோத்துக்கொண்டிருக்கும் இடமான இரட்டைப் பிணைப்பில் தண்ணீரைச் சேர்த்தால் ஆல்பா டெர்பினியால்.

கடைசியாகச் சொன்னது உங்கள் வீட்டுக் குளியலறையிலேயே இருக்கலாம். டெட்டால் போத்தலின் லேபிளைப் படித்தால் குளோரோசைலினால் என்ற பெயருக்கு அடுத்து டெர்பினியால் என்று இருக்கும். அந்த வாசனையில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. தண்ணீரில் ஊற்றியதும் பால் போல வெளுக்கிறதே, அது தண்ணீரோடு ஒட்டாத எண்ணெய்ப் பொருள்கள் நுண்துளிகளாகப் பிரிவதால் வருவது. சென்ட்டுக்கும் சோப்புக்கும் இதே டெர்பினியாலைப் பூ வாசனைக்காகச் சேர்க்கிறார்கள். தொழிற்சாலைகள் இதைப் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ரசாயன முறையில் செய்கின்றன. சாத்துக்குடியில் பூத்த பச்சைப் பூசணமோ லிமோனீனிலிருந்து நேராக இதைச் செய்கிறது, கந்தக அமிலமும் கொதிகலனும் இல்லாமல்.

ரசாயனக்காரர் செய்வதற்கும் பூசணம் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். லிமோனீனில் ஆக்சிஜன் ஒட்டக்கூடிய இடங்கள் பல. உலையில் போட்டு ஆக்சிஜனைத் திணித்தால் அது கிடைத்த இடத்திலெல்லாம் ஒட்டும். அரை டஜன் பொருள்கள் கலந்து வரும், பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். உயிரணுவில் இந்த வேலையைச் செய்வது நொதி (என்சைம்). அதன் நடுவே லிமோனீன் உட்காரும்படி ஒரு குழி இருக்கிறது. மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பி உட்கார வேண்டும் என்பதையும் குழியின் வடிவமே தீர்மானிக்கிறது. ஆக்சிஜன் வந்து சேர்வது ஒரே இடத்தில்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. நுண்ணுயிர் என்றதும் நமக்கு இட்லி மாவு புளிப்பதும் கள் பொங்குவதும் நினைவுக்கு வரும். அங்கே நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று, தன் உடம்புக்குள்ளேயே எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்கிறது. அது நெசவு: நூலை வாங்கித் துணியாகத் தருவது. நாம் பேசுவது தையற்காரர் வேலை. சட்டையை நாமே தைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம், அவர் ஒரே ஒரு பொத்தானைச் சரியான இடத்தில் வைத்துத் திருப்பித் தருகிறார். இதை உயிரிவழி மாற்றம் என்கிறார்கள்.

அந்தத் தையற்காரரை எங்கே தேடுவது? இந்தியாவுக்கு இதில் பழைய பங்கு ஒன்று உண்டு. புனேயின் தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்தில் பட்டாச்சார்யாவும் அவருடன் இருந்தவர்களும் 1960 வாக்கிலேயே டெர்ப்பீன்களை நுண்ணுயிர்களிடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1966இல் தவலிகரும் பட்டாச்சார்யாவும் லிமோனீனைத் தின்று வாழும் மண் பாக்டீரியா ஒன்றைப் பற்றி எழுதினார்கள். கண்டுபிடிக்கும் முறை மிக எளிது. உப்புச் சத்துகள் மட்டும் கலந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டு, சாப்பிட லிமோனீனைத் தவிர வேறு எதுவும் கொடுக்காமல் விட்டுவிடுவது. மற்றவை பட்டினியால் சாகும். மிஞ்சுவது நமக்கு வேண்டிய ஆள். வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளில் இவ்வளவு கொடூரமானதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் அப்படிக் கிடைத்த ஆளிடம் ஒரு சிக்கல். அவன் லிமோனீனைத் தின்பவன். அவனுக்குக் கார்வியாலும் பெரில்லைல் ஆல்கஹாலும் வாயிலிருந்து வயிற்றுக்குப் போகும் வழியில் வரும் ஊர்கள். அங்கே அவன் இறங்க மாட்டான், கடைசியில் எல்லாவற்றையும் கரியமில வாயுவாக்கிவிட்டுத்தான் நிற்பான். வாசனைப் பொருள் வேண்டுமானால் அவனை நடுவழியில் இறக்கிவிட வேண்டும். அதற்கு ஒரு சாமர்த்தியமான வழி, லிமோனீனைத் தின்னவே தெரியாத ஆளிடம் வேலையைக் கொடுப்பது. 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ரோடோகாக்கஸ் ஓபேக்கஸ் என்ற பாக்டீரியாவை டொலுவீனில் வளர்த்தார்கள். டொலுவீன் என்பது பெயின்ட் தின்னரில் இருக்கும் அதே கரைப்பான். அதை உடைக்கும் நொதி பாக்டீரியாவில் நிறைந்திருக்கும் நேரத்தில் லிமோனீனைக் கொடுத்தார்கள். நொதிக்கு ஆள் மாறியது தெரியவில்லை. அதன் மேலும் ஆக்சிஜனை ஒட்டியது, கார்வியால் வந்தது. அடுத்த படிக்கு அந்த உயிரணுவிடம் கருவி இல்லை. கொடுத்ததில் 90 விழுக்காட்டுக்கு மேல் கார்வியாலாகவே நின்றது.

இனி எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த இடம். அதற்கு முன் செருப்பைப் பற்றிப் பேச வேண்டும். கோயில் வாசலில் அவசரத்தில் இடக்கால் செருப்பை வலக்காலில் போட்டுப் பார்த்திருப்பீர்கள். அளவு ஒன்று, தோல் ஒன்று, தையல் ஒன்று, ஆனாலும் பொருந்தாது. மூலக்கூறுகளிலும் இப்படி இட, வல ஜோடிகள் உண்டு. அணுக்கள் அதே எண்ணிக்கை, அதே வரிசை. ஆனால் ஒன்று மற்றதன் கண்ணாடி பிம்பம். நம் மூக்கின் உணர்விகளும் ஒரு பக்கத்துக்குச் செய்த செருப்புகள்தான், ஆகவே ஜோடியின் இரண்டும் வேறு வேறாக மணக்கக்கூடும். ஆரஞ்சில் இருக்கும் லிமோனீன் ஆரஞ்சை நினைவூட்டும், அதன் ஜோடியிடம் டர்பன்டைன் வாடை அடிக்கும்.

கார்வோனில் இந்த வித்தியாசத்தை யாரும் உணரலாம். ஒரு கார்வோன் ஸ்பியர்மின்ட் சூயிங்கத்தின் வாசனை. அதன் ஜோடி சதகுப்பையின் வாசனை. சதகுப்பை என்றால் சட்டென்று பிடிபடாதவர்கள் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் கிரைப் வாட்டர் புட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அதில் சேர்ப்பது சதகுப்பை எண்ணெய்.

ஆரஞ்சுத் தோல் லிமோனீனிலிருந்து எந்தக் கார்வோன் வரும்? இரண்டும் வரும், யாரிடம் வேலையைக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து. ரசாயன ஆலைகள் நைட்ரோசைல் குளோரைடு என்ற நச்சுப் பொருளைக் கொண்டு ஆரஞ்சு லிமோனீனைக் கார்வோனாக்குகின்றன. அந்த வழியில், லிமோனீனின் கார்பன்கள் வளையமாகச் சேர்ந்திருக்கும் பகுதியில் உள்ள இரட்டைப் பிணைப்பு இடம் பெயர்ந்துவிடுகிறது, கிடைப்பது சூயிங்க வாசனை. பாக்டீரியா பிணைப்பை நகர்த்துவதில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே பக்கத்துக் கார்பனில் ஆக்சிஜனை ஒட்டுகிறது. அந்தக் கார்வியாலை இன்னொரு நுண்ணுயிரிடம் கொடுத்து ஒரு படி நகர்த்தினால் கிடைப்பது கிரைப் வாட்டர் வாசனை. ஒரே தோல், ஒரே எண்ணெய். ஒரு கதவைத் திறந்தால் கல்லூரிப் பையன் மெல்லும் பசை, மறு கதவைத் திறந்தால் தொட்டில் குழந்தை. சதகுப்பைச் செடியும் தன் விதையில் இதே பாக்டீரியா வழியைத்தான் பின்பற்றுகிறது.

இத்தனை அழகாக இருந்தும் உலகின் கார்வோன் எல்லாம் பாக்டீரியாவிடமிருந்து ஏன் வரவில்லை? முதல் தடை லிமோனீன் ஒரு கிருமிக்கொல்லி என்பது. செடி அதைத் தோலில் நிறைத்து வைத்திருப்பதே பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டத்தான். உயிரணுவின் வெளிச்சவ்வு கொழுப்பால் ஆனது, லிமோனீன் கொழுப்பில் கரைவது. தெர்மோகோலுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்டெல்லாம் மிகக் குறைந்த அளவிலேயே துவண்டுவிடும். வேலைக்காரனிடம் கொடுக்கும் மூலப்பொருள் அவனையே கொல்கிறது, அவன் செய்து தரும் பொருளும் பல நேரம் அதைவிட மோசம். இதற்குப் பிறகு, லிமோனீன் ஆவியாகிப் பறந்துவிடும். பாக்டீரியாவுக்கு மூச்சுவிடக் காற்று ஊத வேண்டும், ஊதினால் அந்தக் காற்றோடு சரக்கும் போய்விடும். ஆய்வுக்கூடம் முழுக்க ஆரஞ்சு மணக்கிறது என்றால் அன்றைய விளைச்சல் குறைந்துவிட்டது என்று பொருள்.

இதற்கு நடைமுறையில் இருக்கும் வைத்தியம் ரசத்தின் மேல் எண்ணெய் மிதப்பது போன்ற ஏற்பாடு. கீழே தண்ணீரில் பாக்டீரியா, மேலே சமையல் எண்ணெய் போன்ற ஏதாவது ஓர் எண்ணெய்ப் படலம். லிமோனீனை அந்த எண்ணெயில் கரைத்து வைத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் கசியும், மாறிய பொருள் திரும்ப எண்ணெய்க்கு ஏறிவிடும். பாக்டீரியாவின் தலையில் எந்த நேரத்திலும் மொத்தப் பாரமும் இறங்குவதில்லை. ஸ்ஃபிங்கோபியம் என்ற பாக்டீரியாவை இப்படி வைத்து, எண்ணெய்ப் படலத்தில் லிட்டருக்கு 100 கிராமைத் தாண்டி ஆல்பா டெர்பினியால் எடுத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் கிராமுக்கும் மில்லிகிராமுக்கும் அல்லாடுபவர்களே அதிகம், ஆகவே இது பெரிய அறுவடை.

பச்சைப் பூசணத்தின் சங்கதியே தனி. ஆரஞ்சுத் தோலின் ஆவி மற்றப் பூஞ்சைகளை அடக்கும், இதன் வித்துகளையோ முளைக்கத் தூண்டும். மற்றவர்களுக்கு விரட்டும் சாம்பிராணி, இதற்குப் பந்தி போட்டு அனுப்பிய அழைப்பு. அதுவும் ஆரஞ்சில் இருக்கும் கைப் பக்கத்து லிமோனீனைத்தான் விரும்பி மாற்றுகிறது, ஜோடியை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. எத்தனை காலம் அந்தத் தோலிலேயே குடியிருந்தால் இப்படிப் பழகும்! (ஆர்வத்தில் பூத்த பழத்தை மூக்கருகே கொண்டுபோய்விடாதீர்கள். அந்தத் தூள் முழுக்க வித்து.)

லிமோனீனைவிட நல்ல வியாபாரம் அதன் 15 கார்பன் உறவினரிடம் இருக்கிறது. வாலென்சியா ஆரஞ்சின் பெயரைத் தாங்கிய வாலென்சீன், ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் மிகக் கொஞ்சமாக இருக்கும். அதில் ஓரிடத்தில் ஆக்சிஜனைச் சேர்த்தால் நூட்கடோன். கிரேப்ஃப்ரூட்டின் கசப்பு கலந்த அந்தத் தனி மணத்தில் இதற்குப் பெரும் பங்கு. கிரேப்ஃப்ரூட் நம் பக்கத்தில் அரிது. அதன் தாய் தந்தையரில் ஒன்றான பம்பளிமாஸ் மட்டும் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் எப்போதாவது கண்ணில் படும். நூட்கடோனை முதலில் பிரித்தெடுத்தது பழத்திலிருந்துகூட இல்லை. 1962இல், வட அமெரிக்க மேற்குக் கரையின் நூட்கா சைப்ரஸ் மரக்கட்டையிலிருந்து. பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. கிரேப்ஃப்ரூட்டில் அது இருப்பது 1964இல்தான் தெரிந்தது.

வாலென்சீனில் ஆக்சிஜன் சேர்க்கக் குரோமியச் சேர்மங்களைப் பயன்படுத்திய காலம் உண்டு. குரோமியம் தொட்ட பொருளைச் சாப்பாட்டில் சேர்க்கத் தயங்குவது நியாயம்தானே. மாற்று வேலைக்காரர்களில் ஒன்று சிப்பிக் காளானின் நெருங்கிய உறவான ப்ளூரோட்டஸ் சாபிடஸ். நம் ஊரில் வைக்கோல் பையில் வளர்த்துக் குழம்பு வைக்கும் காளானின் குடும்பம்தான். அதன் நொதி வாலென்சீனை நூட்கடோனாக்கிவிடுகிறது. அண்மைக் காலத்தில் இன்னொரு வழியும் வந்துவிட்டது. ஆரஞ்சே வேண்டாம் என்று, ஈஸ்ட்டின் மரபணுக்களைத் திருத்திச் சர்க்கரையிலிருந்தே வாலென்சீனையும் நூட்கடோனையும் செய்ய வைக்கிறார்கள். தையற்கடையை மூடிவிட்டு மீண்டும் நெசவுக்கே திரும்பிய கதை. 2020இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நூட்கடோனைக் கொசுவையும் உண்ணியையும் விரட்டும், கொல்லும் பொருளாகவும் பதிவு செய்தது. வாசனைப் புட்டிக்கு மட்டும் போகும் என்று நினைத்த சரக்குக்குக் கொசுவத்திப் பக்கமும் சந்தை திறந்திருக்கிறது.

இவ்வளவு பாடுபடுவதற்கு லேபிளில் வரும் ஒரு சொல்லும் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிப்படி, இயற்கை மூலப்பொருளை நொதியோ நுண்ணுயிரோ மாற்றித் தந்த நறுமணப் பொருளை 'இயற்கையானது' என்று எழுதலாம். அதே மூலக்கூறை, அதே லிமோனீனிலிருந்து, ரசாயன உலையில் செய்தால் எழுத முடியாது. மூக்குக்கு வித்தியாசம் தெரியாது, விலைச் சீட்டில் மட்டும் நன்றாகத் தெரியும். இதை ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். முழுக்க அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை. நைட்ரோசைல் குளோரைடு இல்லாத ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பதும் அந்த விலையில் ஒரு பகுதிதான். கடலூரில் சிதம்பரம் சாலை சிப்காட்டைக் கடந்து தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஜூஸ் கடைச் சாக்கை வைத்து ஏதாவது செய்யலாமே என்று என் மருமகன் கேட்டான். ஒரு சாக்கில் தேறும் எண்ணெய் மிகச் சொற்பம். பிழிந்த தோல் வெயிலில் கிடந்தால் அதுவும் பறந்துவிடும். நாள் ஒன்றுக்கு டன் கணக்கில் தோல் ஒரே இடத்தில் சேரும் ஆலைக்குத்தான் இந்தக் கணக்கு கட்டும். நான் செய்தது இவ்வளவுதான்: இரண்டு கை நிறையத் தோலும், அன்று வாங்கி வந்த பூத்த பழமும், வீட்டில் மிஞ்சிய வாழைப்பழத் தோலும் மாடியில் இருக்கும் மக்குத் தொட்டிக்குப் போயின. சாண எரிவாயுக் கலனில் ஆரஞ்சுத் தோலை அதிகம் போட்டால் வாயு குறைந்துவிடும், உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களை லிமோனீன் படுத்திவிடும். தொட்டியிலும் அதே கதைதான் நடந்தது. 15 நாள் கழித்துக் கிளறிப் பார்த்தபோது வாழைப்பழத் தோல் இருந்த சுவடே இல்லை. சாத்துக்குடித் தோல்கள் போட்டபடியே கிடந்தன, அவற்றில் மேலாக இருந்த ஒன்றின் விளிம்பில் மட்டும் விரல் நக அளவுக்கு ஒரு வெள்ளை வளையம், அதன் நடுவே அப்போதுதான் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது.